ராகு காலத்தில் வந்த லோக்கல்

எங்கள் குடும்பத்தில் பஞ்சாங்கத்தைச் சந்தேகப்படுகிறவர்கள் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். மத்தியான லோக்கல் ரயில் தாமதமாகத்தான் வரும் என்பதைச் சந்தேகப்பட்டவர் ஒருவரும் இல்லை. வினை அங்கேதான் தொடங்கியது.

லோனாவளாவிலிருந்து புனே வரும் லோக்கல்கள் காலையில் ஓடும், மாலையில் ஓடும், நடுப்பகலில் உண்ட மயக்கத்தில் படுத்துவிடும். எனக்கு வேலை தளேகாவில், ஓர் உதிரிபாகப் பட்டறையில். ஒரு மணிக்கு முடிந்துவிடும். வீடு அதே பாதையில், கசார்வாடியில். மகள் பள்ளி வேனில் இரண்டு மணிக்கு வந்து இறங்குவாள். நான் அடுத்த வண்டிக்குக் காத்திருந்து வீடு சேர நாலரை ஆகும். பஸ் மாறி மாறி வந்தாலும் நெடுஞ்சாலை நெரிசலில் அதே கதைதான். கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட். மாமியார் கட்கியில் இருக்கிறார், ஆனால் மூத்தாரின் இரட்டைக் குழந்தைகள் அவரை ஏற்கெனவே குத்தகைக்கு எடுத்துவிட்டன. ஆகவே இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் பெண், பூட்டிய கதவுக்கு முன்னால் மாடிப்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். கீழ்வீட்டு அம்மா கூப்பிட்டாலும் போகமாட்டாள். அந்த ரோஷம் என்னிடமிருந்து வந்தது. மாமியார் கேட்டபோதெல்லாம் நானும் “கீழ்வீட்டுல ஜம்முன்னு இருக்காங்க அத்தை” என்றுதான் சொல்லிவந்தேன்.

வேலையை விட்டுவிடலாம் என்று நான் முடிவெடுத்திருந்த சமயத்தில்தான் இந்த மத்தியான வண்டி வந்தது. சோதனைக்கு விட்டிருக்கிறார்களாம். அட்டவணையில் ஒன்றேகால். வந்து சேருவது ஒன்று நாற்பதுக்கு. அப்படி வந்தாலும் நான் இரண்டேகாலுக்கு வீட்டில் இருப்பேன். என் பெண் ஷூ கழற்றி, சாக்ஸை உதறி, இல்லாத எறும்பைத் தேடி முடிப்பதற்குள் படியேறிவிடுவேன்.

ஆனால் தளேகாவில் அந்த வண்டிக்கு ஏறுகிறவர்கள் பத்துப் பேர்கூடத் தேறமாட்டோம். ஒரு நாள் டிக்கெட் கொடுக்கும் பெண், எனக்கு மட்டும் கேட்கும்படி, வருகிற புதன்கிழமை ஆள் எண்ண வருகிறார்கள் என்றாள். கூட்டம் இல்லையென்றால் இந்த மாதத்தோடு வண்டி நின்றுவிடுமாம்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. தாமதமாகவே வந்து ஆட்களை விரட்டிவிட்டு, பிறகு ஆட்கள் எங்கே என்று எண்ண வருகிறார்கள்! சரி, ஆள்தானே வேண்டும், கொடுத்துவிடுவோம் என்று தீர்மானித்தேன். ஆட்களுக்கு எனக்குப் பஞ்சமில்லை. என் நாத்தனார் வாழ்க்கைப்பட்டிருப்பது தளேகாவில். அவளுக்கு ஏழாம் மாதம். அதே புதன்கிழமை வளைகாப்பு, முடிந்ததும் கட்கியில் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது. ஆகுர்டி, கட்கி, விஷ்ராந்த்வாடி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் உறவுக்காரர்கள் நாற்பது பேர் வருவார்கள். அவர்களுக்காக இரண்டு வேன் பேசியிருந்தார்கள். முதலில் அந்த வேன்களை ஒழித்துக்கட்ட வேண்டும்.

மாமியாரிடம் நெடுஞ்சாலைப் பள்ளங்களை ஒவ்வொன்றாக வர்ணித்தேன். பிள்ளைத்தாய்ச்சி வேனில் எப்படிக் குலுங்குவாள் என்று நானே நாற்காலியில் உட்கார்ந்து குலுங்கிக் காட்டினேன். ஆள் எண்ணும் விஷயத்தை மட்டும் மூச்சுவிடவில்லை. அவர் குடும்பம் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து கட்கியில் வேரூன்றியது. பேச்சில் பாதி இந்தி கலந்துவிட்டது, நல்ல நேரம் கெட்ட நேரத்தில் மட்டும் ஒரு கலப்படமும் இல்லை. நேராக எழுந்துபோய்த் தினசரி நாள்காட்டியைப் பார்த்தார்.

“புதன்கிழமை பன்னெண்டுலேருந்து ஒண்ணரை ராகு காலம். வண்டி ஒண்ணே காலுக்குன்றியே, இன்னாம்மா இது?”

“ஒண்ணே கால்னு போட்டிருக்குதுங்க அத்தை. ஆனா வராதுங்க. ராகு காலம் முடிஞ்சு பத்து நிமிஷம் கழிச்சுத்தான் வரும்.”

“நிச்சயமா?”

“சத்தியமாங்க.”

மருமகள் சத்தியத்தை நம்பும் மாமியார் இல்லை அவர். தளேகாவ் சம்பந்திக்குப் போன் போட்டார். அவரும் அந்த வண்டி ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை என்று அடித்துச் சொன்னார். அதன்பிறகு தீர்ப்பு வழங்கப்பட்டது. பன்னிரண்டுக்குள் வீட்டைவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். ஒன்றரை தாண்டித்தான் வண்டியில் கால் வைக்க வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் ஸ்டேஷனிலேயே சாப்பாடு.

இப்படியாக அந்தப் புதன்கிழமை தளேகாவ் பிளாட்பாரத்தில் எங்கள் படை இறங்கியது. எல்லோருக்கும் முறையாக டிக்கெட் எடுத்தேன். டிக்கெட் கொடுக்கும் பெண் என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஜமுக்காளம் விரித்தோம். புளியோதரை, எலுமிச்சை சாதம், தயிர்சாதம் என்று தூக்குகள் திறந்தன. இரண்டு கை நிறைய வளையல்களோடு நாத்தனார் நடுவில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் தள்ளி, அட்டையும் பேனாவுமாக ஒரு பெண் தூணோரம் நின்று எங்களைக் கவனித்துக்கொண்டிருந்தாள். ஆள் எண்ண வந்தவள் அவள்தான் என்று எனக்குப் புரிந்தது. ஒரு வாழையிலைத் துண்டில் புளியோதரை கொண்டுபோய்க் கொடுத்தேன். பணியில் சாப்பிடக் கூடாது என்று மராத்தியில் மறுத்தாள். ஆனால் இலையை விட்டுக் கண் நகரவில்லை.

எல்லார் கையும் தயிர்சாதத்தில் இருந்தபோது வண்டி வந்தது. ஒன்றேகாலுக்கு. ஒரு நிமிடம் முன்னே இல்லை, பின்னே இல்லை. என்னைச் சந்தி சிரிக்கவைக்கவென்றே புறப்பட்டு வந்ததுபோல் பளபளவென்று வந்து நின்றது.

நாற்பது பேரும் கையில் பருக்கையோடு மாமியாரைப் பார்த்தார்கள். அவர் மகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒண்ணரை ஆவட்டும். அதுக்கு முன்ன என் பொண்ணு ஏறமாட்டா.”

அவர் ஏறாவிட்டால் அந்தக் கூட்டத்தில் ஓர் ஆள் ஏறாது. அட்டைக்காரப் பெண் பேனாவை மூடினாள். எனக்குக் கோபம் வந்தது. சம்பந்திகள் முன்னால் பேசக் கூடாது என்பதெல்லாம் மறந்துவிட்டது.

“அத்தை, அந்தம்மா எதுக்கு வந்திருக்காங்க தெரியுங்களா? ஆள் எண்றதுக்கு. நாம ஏறலைன்னா அடுத்த மாசம் இந்த வண்டி கிடையாதுங்க. உங்க பேத்தி நாலரை மணி வரைக்கும் மாடிப்படில தனியா உக்காந்திருப்பா. அதுக்கு எது நல்ல நேரம்னு நீங்களே பார்த்துச் சொல்லிருங்க.”

மாமியார் என்னையே பார்த்தார்.

“கீழ்வூட்ல இருக்கான்னுதானே சொன்னே?”

“இல்லைங்க. படியிலதான்.”

“இத்தினி நாளாவா?”

நான் தலையை மட்டும் அசைத்தேன். அவர் கண்ணில் சட்டென்று நீர் கட்டியது. அடுத்த நொடி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்.

“நாம வூட்ட வுட்டுக் கெளம்பினது பன்னெண்டுக்கு முன்னாடி. இது நடுவழி. நடுவழிக்கு ஏது ராகு காலம்? ஏறுங்கோ எல்லாரும்!”

தான் போட்ட தீர்ப்பைத் தானே கிழித்துப்போட்ட அந்த நிமிடத்தில் எனக்கு அவர் காலில் விழத் தோன்றியது. நேரமில்லை. ஜமுக்காளத்தை ஒருவர் சுருட்ட, தூக்குகளை ஒருவர் அள்ள, தயிர்க் கையோடு நாற்பது பேரும் பெண்கள் பெட்டியிலும் பக்கத்துப் பெட்டியிலும் ஏறினோம். அட்டைக்காரப் பெண் பேனாவைத் திறந்து அவசரமாக எண்ணினாள். மாமியார் வாசலில் நின்றபடி மகளின் வயிற்றைக் காட்டி அவளிடம் அதட்டினார்:

“பேட் மே ஜோ ஹை, வோ பீ கினோ!”

வயிற்றில் இருப்பதையும் எண்ணச் சொன்னதும் அந்தப் பெண்ணுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நாத்தனார் கண்ணாடி வளையல் இரண்டை ஜன்னல் வழியாக நீட்டினாள். அதை வாங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லைபோலிருக்கிறது, உடனே போட்டுக்கொண்டாள்.

மாமியார் உட்கார்ந்து கண்ணை மூடி முணுமுணுக்கத் தொடங்கினார். வண்டி நகரவில்லை. முன்னால் சிக்னல் சிவப்பு. பின்னால் வந்த விரைவு வண்டி ஒன்று எங்களைத் தாண்டித் தடதடவென்று போனது. அப்போதும் சிவப்பு. மிச்சத் தயிர்சாதம் காலியானது. ஒன்றரை தாண்டி ஓரிரு நிமிடம் ஆனபிறகு, ஒன்றும் நடக்காததுபோல் வண்டி புறப்பட்டது. மாமியார் கண்ணைத் திறந்து என் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“பாத்தியா? ஏறினது கணக்கில்ல. கெளம்பினதுதான் கணக்கு” என்றார்.

வண்டி நிலைத்துவிட்டது. எங்கள் வளைகாப்பினால்தானா என்று யாரும் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. நிரந்தர அட்டவணையில் சேர்த்ததிலிருந்து வண்டி நேரத்துக்கு வருகிறது, ஏறுகிறவர்களும் கூடிவிட்டார்கள். இப்போது பெண்கள் பெட்டியில் எனக்குச் சில நாள் உட்கார இடம் கிடைப்பதில்லை, முணுமுணுத்துக்கொண்டே நின்று வருகிறேன். நாத்தனாருக்குப் பெண் பிறந்தது. அந்த வண்டியில் டிக்கெட் இல்லாமல் பயணம் செய்தவள் என்று அவளுக்குக் குடும்பத்தில் பெயர்.

இதில் வருத்தமெல்லாம் மாமியாருக்குத்தான். புதன்கிழமை தவறாமல் போன் வரும்.

“வண்டி வந்துச்சா?”

“வந்துருச்சுங்க. சரியா ஒண்ணே காலுக்கு.”

“அடக் கஷ்டமே! கொஞ்சம் லேட்டா வந்தா இன்னா அதுக்கு?”

சென்ற வாரமும் அப்படித்தான் அவர் புலம்பிக்கொண்டிருந்தார். நான் போனைக் காதில் இடுக்கியபடி சாதம் வடித்துக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் ஷூச் சத்தம் கேட்டது. மகள் நிற்காமல் ஏறி வந்தாள், பையை வாசலிலேயே எறிந்தாள், “அம்மா, பூக் லகி, சாப்பாடு” என்று கத்தினாள். கதவு திறந்திருப்பதை அவள் கவனிக்கவே இல்லை.

போனில் மாமியார் பேச்சை நிறுத்திவிட்டு அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

“சரி சரி, வெச்சுட்டுப் போய்ச் சோத்தைப் போடு. ராகு காலத்தை நான் பாத்துக்கிறேன்.”