நன்றியம்மா லைனில் இருக்கிறாள்

காலையிலேயே சிரித்த முகத்தோடு வேலைக்கு வருகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. நான் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். எங்கள் பிழைப்பில் சிரிக்க என்ன இருக்கிறது? அதனால் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுக்கும் அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவளைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "வாங்கண்ணே, டீ குடிச்சாச்சா?" என்பாள். குடித்தால் இவளுக்கென்ன, குடிக்காவிட்டால் இவளுக்கென்ன என்று முறைப்பேன். அவள் எனக்குக் 'கடுகடு அண்ணன்' என்று பேர் வைத்தாள். நாங்கள் அவளுக்கு வைத்த பேர் நன்றியம்மா.

உயிர் போகிற அவசரத்தில் கூப்பிடுகிறவர்களுக்கு அவள் நன்றி சொல்வாள், அதனால்தான் அந்தப் பேர். கூப்பிட்டவர் பேசுவது டிரைவருக்கும் கேட்கட்டும் என்று லைனை எங்கள் வண்டி ரேடியோவுக்கும் திறந்துவிடுவது வழக்கம். நான் சைரன் போட்டுக்கொண்டு பறப்பேன். அவள் குரல் நிதானமாக வரும். "கதவத் திறந்து வெச்சிட்டீங்களா? நன்றிங்க. அவரை ஒருக்களிச்சுப் படுக்க வெச்சீங்களா? ரொம்ப நன்றிங்க."

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். "ஏம்மா, அங்க ஆளு இழுத்துக்கிட்டுக் கிடக்குது. நீ என்னமோ கடைத் திறப்பு விழாவுல நிக்கிற மாதிரி நன்றி சொல்லிக்கிட்டு இருக்க?"

"பயப்படாதீங்கன்னு சொன்னா யாருண்ணே பயப்படாம இருக்காங்க? நன்றின்னு சொன்னா, நாம ஏதோ ஒண்ணை சரியா செஞ்சிருக்கோம்னு அவங்களுக்குத் தோணும். அடுத்ததையும் செய்வாங்க" என்றாள்.

டயரை உதைத்துப் பார்ப்பதுபோல் அந்தப் பக்கம் போய்விட்டேன்.

அவள் பிறக்கும்போதே இப்படிப் பிறந்தவள் இல்லை. முதல் வருஷம் ஒவ்வொரு மோசமான போனுக்குப் பிறகும் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். முகத்தைக் கழுவிவிட்டு வந்தாலும் கண் காட்டிக் கொடுத்துவிடும். இந்த வேலை உனக்குச் சரிப்படாது, ஸ்டோருக்கு மாற்றுகிறேன் என்று மேலதிகாரியே சொன்னார். அந்த வாரத்தில்தான் ஒரு பெரியவர் கூப்பிட்டார். முந்தின நாள் அவர் மனைவியை ஏற்றிக்கொண்டு வந்தது நான்தான். வழியிலேயே அந்தம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். "ஒண்ணுமில்லம்மா. நேத்து கடைசி வரைக்கும் நீ லைன்ல இருந்தே. அதைச் சொல்லத்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம். அவசர லைனை இப்படி அடைக்கலாமா என்று நான் கத்தினேன். அவள் மட்டும் அன்று பாத்ரூம் பக்கம் போகவில்லை. மறுநாளிலிருந்து நன்றி சொல்ல ஆரம்பித்தாள். கூப்பிட்டவர் வைக்கும்வரை தான் வைப்பதில்லை என்றும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். நாளடைவில் அவள் குரல் அசைவதே இல்லை என்றாயிற்று. பாறாங்கல்லை முழுங்கிவிட்டாளா என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

கடுகடு அண்ணன் என்று பேர் வைத்தாலும் வீட்டு விசேஷத்துக்கு முதலில் சொல்வது எனக்குத்தான். அவள் புருஷன் பெயின்டர், நல்ல மனுஷன். ஒரே மகள், ஆறாவது படிக்கிறாள், என்னை மாமா என்று கூப்பிடுவாள். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு வீட்டில் ரொம்ப வருஷம் வாடகைக்கு இருந்தார்கள். சமீபத்தில்தான் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒரு சின்ன வீட்டுக்கு மாறினார்கள். ஃபிரிட்ஜ் முன்வாசலில் நுழையாமல், நானும் அவள் புருஷனும் சந்து வழியாகச் சுற்றிப் பின்கதவில் ஏற்றினோம். என் இடுப்பு இன்னும் அவனைத் திட்டிக்கொண்டிருக்கிறது.

அன்று மதியம் நான் பெட்ரோல் பங்கில் நின்றிருந்தேன். ரேடியோவில் அவள் குரல் வந்தது. "ஆண். நாப்பத்து சொச்சம் வயசு. ஜன்னல் கண்ணாடி மாத்தும்போது கண்ணாடி உடைஞ்சு கையில ஆழமா வெட்டு. ரத்தம் நிக்கல. கூட ஒரு சின்னப் பொண்ணு மட்டும்தான்." பிறகு முகவரியைச் சொன்னாள். மார்க்கெட் பின்தெரு, பச்சைக் கேட்டு வீடு.

அது அவள் காலி செய்த வீடாயிற்றே என்று நினைப்பதற்குள் லைன் திறந்தது. "அம்மா, அப்பா கண்ணை மூடுறாரும்மா" என்று ஒரு பிள்ளையின் குரல்.

என்னை மாமா என்று கூப்பிடும் அதே குரல். கூட இருந்த நர்ஸ் பையன் என் முகத்தைப் பார்த்தான்.

சொந்தக்காரர் போன் வந்தால் பக்கத்து மேசைக்கு மாற்றிவிட வேண்டும் என்பது எங்கள் விதி. பக்கத்து மேசைக்காரர் சாப்பிடப் போயிருந்தாராம். அவளே பேசிக்கொண்டிருந்தாள், வேறு யாரிடமோ பேசுவதுபோல. "துண்ட மடிச்சு வெட்டு மேல வெச்சு ரெண்டு கையாலயும் அழுத்துங்க. அழுத்துறீங்களா? நன்றிங்க."

"எடுத்துப் பாக்கட்டுமா?"

"எடுக்கக் கூடாது. எவ்வளவு ரத்தம் வந்தாலும் எடுக்கக் கூடாது. அப்பாகிட்டப் பேசிக்கிட்டே இருங்க."

வண்டியைக் கிளப்பிவிட்டேன். முன்னால் நாற்சந்தி. இடது பக்கம் போனால் மார்க்கெட், வலது பக்கம் போனால் தண்ணீர்த் தொட்டி. பயத்தில் பழைய வீட்டைச் சொல்லிவிட்டாள், வலது பக்கம் திருப்பு என்றது மனசு. ஆனால் அந்தப் பழைய வீட்டுக்காரர், காலி செய்ததும் நீங்களே வந்து பெயின்ட் அடித்துக் கொடுங்கள் என்று அவள் புருஷனிடம் சொல்லியிருந்ததும் எனக்குத் தெரியும். மகளையும் கூட்டிக்கொண்டு அங்கேதான் போயிருக்கிறானோ? ஜன்னல் கண்ணாடி எந்த வீட்டு ஜன்னல் கண்ணாடி? தப்பான பக்கம் திரும்பினால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவதற்குள் அவன் உடம்பில் ரத்தம் இருக்காது.

'தப்பாச் சொல்றியா?' என்று நேராகக் கேட்கலாம். கேட்டால் அவள் குரல் உடையும். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் அங்கே ஒரு பிள்ளை துண்டை அழுத்திக்கொண்டிருக்கிறது. எங்களுக்கு இன்னொரு விதி உண்டு. தெரிந்த இடமே ஆனாலும் முகவரியைக் கூப்பிட்டவர் வாயால் சொல்லவைக்க வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டேன்.

"கண்ட்ரோல், முகவரி காதுல சரியா விழல. கூப்பிட்டவங்ககிட்டயே கேட்டுச் சொல்லுங்க" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் கேட்டாள். "நீங்க எந்த வீட்டுல இருக்கீங்க? எனக்குச் சொல்லுங்க."

சந்தியில் பின்னால் நின்றவன் ஹாரன் அடித்தான். சைரன் போட்ட வண்டிக்கே ஹாரனா, அறிவு கெட்டவனே!

"நம்ம வீட்டுலதாம்மா" என்றது பிள்ளை. "புது வீட்டுல. தண்ணித் தொட்டிகிட்ட."

வலது பக்கம் ஒடித்தேன்.

நன்றியம்மா மூச்சை இழுப்பது எனக்குக் கேட்டது. பிறகு அதே குரல், கொஞ்சமும் மாறாமல். "நன்றிங்க. வண்டி வந்துக்கிட்டு இருக்கு. முன் கதவு திறந்திருக்கா?"

"பூட்டியிருக்கு. போய்த் திறக்கட்டுமா?"

"வேண்டாம். கைய எடுக்காதீங்க."

"பின்கதவு எனக்குத் தெரியும்" என்று ரேடியோவில் கத்தினேன். வண்டியை நிறுத்தியதும் சந்துக்குள் ஓடி, கதவைத் தோளால் இடித்துத் திறந்தோம். சமையலறைத் தரையெல்லாம் ரத்தம். பிள்ளை முட்டி போட்டு, இரண்டு கையாலும் துண்டை அழுத்திக்கொண்டிருந்தாள். போன் பக்கத்தில் கிடந்தது. நர்ஸ் கட்டுப் போட வந்தபோதும் கையை எடுக்கவில்லை. "அம்மா எடுக்கக் கூடாதுன்னு சொன்னாங்க" என்றாள். நான்தான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே கொண்டுபோனார்கள். டாக்டர் வெளியே வந்து, உயிருக்குப் பயமில்லை, இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் சொல்ல முடியாது என்றார். பெஞ்சில் உட்கார்ந்தேன். பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அப்பா பிழைத்துவிட்டார் என்று சொன்னேன், தலையை ஆட்டினாள். பிறகு கேட்டாள்.

"மாமா, அம்மாவுக்கு நான்னு தெரியலையா?"

"ஏன்டா அப்படிக் கேக்குற?"

"யார்கிட்டயோ பேசுற மாதிரியே பேசினாங்க. நான் அம்மா அம்மான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். எந்த வீட்டுல இருக்கேன்னு என்கிட்டயே கேட்டாங்க."

எனக்குச் சுருக்கென்றது. கேட்கச் சொன்னவன் நான். விதி, ரேடியோ, நாற்சந்தி என்று ஏதேதோ விளக்க வாயெடுத்தேன்.

அதற்குள் நன்றியம்மா ஓடிவந்தாள். காலில் செருப்பு இல்லை, காதில் மாட்டும் ஹெட்போன் கழுத்திலேயே தொங்கியது. அப்படியே பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். பிழைத்துவிட்டான் என்று சைகையிலேயே சொன்னேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு மகள் பக்கம் கையை நீட்டினாள். பிள்ளை அசையவில்லை. பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

வழக்கமான சிரிப்போடு ஏதாவது நல்ல வார்த்தை சொல்லிச் சமாளித்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவளுக்கா தெரியாது? ஆனால் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரி வராந்தா, போகிறவர் வருகிறவர் என்றெல்லாம் பார்க்கவில்லை.

"அம்மா தப்புப் பண்ணிட்டேன்டி" என்றாள். "உன் குரலைக் கேட்டதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. வண்டிய நம்ம பழைய வீட்டுக்கு அனுப்பிட்டேன். நீ சொல்லலைன்னா அப்பா இல்ல. உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா அழுதுடுவேன்னுதான் கூப்பிடல."

சொல்லிக்கொண்டே அழுதாள். இத்தனை வருஷத்தில் தாழ்ப்பாளுக்கு வெளியே அவள் அழுது நான் பார்த்ததில்லை.

பிள்ளை பெஞ்சிலிருந்து இறங்கினாள். காய்ந்த ரத்தம் ஒட்டிய கையால் அம்மாவின் முகத்தைத் தொட்டாள்.

"நீயும் பயந்தியாம்மா?"

"ரொம்ப."

"நானும்" என்றாள் பிள்ளை. அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.