உயிரோடு மாற்றுவது

மடிவாளா செக்போஸ்ட்டைத் தாண்டியபோது வலது செருப்பின் வார் அறுந்தது. இரண்டையும் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓசூர் ரோட்டின் ஓரமாக நடந்தேன். பொழுது இன்னும் சாயவில்லை. லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. திரும்பி நடந்தால் அரை மணி நேரத்தில் அடுகோடி. எத்தனையோ ஊர்களிலிருந்து இப்படிக் கிளம்பிப் போயிருக்கிறேன். அன்று மட்டும்தான் நாலைந்து தடவை நின்று திரும்பிப் பார்த்தேன்.

அடுகோடியில் பாய் ஒருவரின் கடையில் ஏழு மாதம் வேலை செய்தேன். தகரக் கூரைக்குக் கீழே ஒரு மேஜை, ஒரு விளக்கு, ஒரு சால்டரிங் அயர்ன், அவ்வளவுதான் கடை. கையில் வைத்து ஆடும் வீடியோ கேம்களைப் பழுது பார்ப்போம். பாய் தொடங்கிய காலத்தில் ஒரே ஒரு ஆட்டம் மட்டும் உள்ள சின்னப் பெட்டிகள்தான் வருமாம். பிறகு வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவர்கள் சாம்பல் நிறத்தில் கனமான பெட்டிகளைக் கொண்டுவந்தார்கள். கேசட்டை மாற்றினால் ஆட்டம் மாறும்; நாலு செல்லை ஒரே வாரத்தில் தின்றுவிடும். நான் சேர்ந்தபோது பிரிக் கேம்தான் எங்கும். மேலிருந்து கட்டைகள் விழும், இடைவெளியில்லாமல் அடுக்க வேண்டும். ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆட்டங்கள் என்று மேலே அச்சடித்திருப்பார்கள். உள்ளே பத்துப் பன்னிரண்டுக்கு மேல் இருக்காது. செல் என்றால் அப்போது பேட்டரிதான். போன் என்ற அர்த்தம் அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் வந்தது.

பிரிக் கேமில் ஒரு சங்கடம் உண்டு. யார் அதிகப் புள்ளி எடுத்தாலும் அந்த எண் உள்ளே நிற்கும். ஆனால் செல்லைக் கழற்றினால் அழிந்துவிடும். அதற்குப் பாய் ஒரு வழி வைத்திருந்தார். வேறு இரண்டு செல்களைச் சிவப்பு, கறுப்புக் கிளிப்புகளால் பெட்டியில் செல் தொடும் முனைகளில் இணைப்பார். பழைய செல்லைக் கழற்றுவார், புதியதைப் போடுவார், பிறகு கிளிப்பை எடுப்பார். நடுவில் ஒரு நொடிகூட மின்சாரம் நிற்காது. கடையில் அதற்குப் பெயர் உயிரோடு மாற்றுவது.

பக்கத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. அதை நடத்திய அக்கா மூன்று மாதத்துக்கு ஒரு முறை தன் தம்பியின் பிரிக் கேமைக் கொண்டுவருவார். தம்பிக்கு இருபத்திரண்டு வயது. அப்பாவோடு சண்டை போட்டுவிட்டு இரண்டு வருடத்துக்கு முன் வீட்டை விட்டுப் போனவன். கடிதம் இல்லை, போன் இல்லை. பூத்தில் உட்கார்ந்து அவன் எடுத்துவிட்டுப் போன புள்ளிதான் உள்ளே இருந்தது. அக்கா அதைச் சாக விடாமல் வைத்திருந்தார்.

அன்று வெள்ளிக்கிழமை மதியம்.

"பாய் இல்லையா?"

"தொழுகைக்குப் போயிருக்காருக்கா. அப்படியே சிட்டி மார்க்கெட் போயிட்டு வருவாரு. கொடுங்க, நான் மாத்தறேன்."

"உயிரோட மாத்தணும். தெரியுமில்ல?"

"இதுக்கு எதுக்குக்கா பாய்? கண்ணை மூடிட்டு மாத்துவேன்."

"கண்ணைத் தொறந்துட்டே மாத்துப்பா" என்று சிரித்தார். பிறகு சுவிட்சைப் போட்டுக் காட்டினார். "முப்பத்தாறாயிரத்து நானூறு. பாத்துக்கோ. வந்ததும் மொதல்ல இதைத்தான் கேப்பான். நான் அழிச்சுட்டேன்னு எங்கிட்ட சண்டைக்கு வருவான்."

பெட்டியைக் கொடுத்துவிட்டுப் பூத்துக்குப் போனார். மேஜைமேல் செல் போட்டு வைக்கும் ஒரு டப்பா இருந்தது. என்னிடம் ஒரு பழக்கம் உண்டு: தீர்ந்த செல்லைத் தூக்கிப் போட மனசு வராது. எங்கள் ஊரில் டார்ச் மங்கினால் செல்லை வெயிலில் வைப்போம். இன்னும் இரண்டு நாள் எரியும். கடையிலும் பழைய செல்களைத் தகரத்தின்மேல் காயவைத்து அதே டப்பாவில் போட்டுவந்தேன். பாய்க்குத் தெரியாது.

கிளிப்பில் மாட்ட டப்பாவிலிருந்து இரண்டு செல்லை எடுத்தேன். செல்லைச் சோதிக்க வைத்திருக்கும் சின்னப் பல்பில் வைத்துப் பார்க்கவில்லை. கிளிப்பை இணைத்துவிட்டு அக்காவின் பழைய செல்லைக் கழற்றினேன். அப்படியே புதியதைப் போட்டிருந்தால் ஒருவேளை தப்பியிருக்கும். ஆனால் எண் இருக்கிறதா என்று பார்க்க ஆசை. சுவிட்சைப் போட்டேன். பெட்டி பாட்டுப் பாட ஆரம்பித்து, தொண்டை கட்டியது போல இழுத்து, நின்றது. திரை வெளுத்தது. வெயிலில் வைத்த செல் அந்தப் பாட்டைக்கூடத் தாங்கவில்லை.

புதிய செல் போட்டேன். பூஜ்யம்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் இன்னும் கேவலம். உட்கார்ந்து ஆடினேன். முப்பத்தாறாயிரத்து நானூறு எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். மூன்று மணி நேரம் ஆடினேன், வந்தவர்களையெல்லாம் நாளைக்கு வரச்சொல்லி அனுப்பினேன். பதினோராயிரத்து இருநூறைத் தாண்ட முடியவில்லை. அந்தத் தம்பி எவ்வளவு கெட்டிக்காரன் என்று அன்று எனக்குத்தான் தெரிந்தது.

நாலு மணிக்குப் பாய் வந்தார். அவர் பின்னாலேயே அக்காவும் வந்தார். பெட்டியை வாங்கிச் சுவிட்சைப் போட்டுப் பார்த்தார்.

"இது யாரோடது?"

"உங்களுதுதான்க்கா."

"பொட்டி என்னுதுதான். இந்த நம்பர் யாரோடது?"

"கொடுக்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு" என்றேன்.

எண்ணை வாய்விட்டுச் சொல்லிக் காட்டிவிட்டுப் போனவரிடமே அதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பெட்டியின் சுவிட்சை அணைத்தார். சேலைத் தலைப்பில் திரையைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார்.

பாய் டப்பாவிலிருந்து ஒவ்வொரு செல்லாக எடுத்துப் பல்பில் வைத்தார். பாதி எரியவில்லை. சிலதில் தகரத்தின் துரு ஒட்டியிருந்தது.

"அரே, இது என்ன அப்பளமா, வெயில்ல காயப்போட?"

எரியாத செல்களைத் தனியாக ஒதுக்கினார்.

"செல்லு போனது போச்சு. மிஷின்தானே, நானும் தப்புப் பண்ணியிருக்கேன். ஆனா பொய் எதுக்குடா சொன்னே? காலைல பூத் தொறந்ததும் போய் நடந்ததைச் சொல்லு. சொல்லிட்டு வந்து இங்கே உக்காரு. அவ்ளோதான்."

அவ்வளவுதான் கேட்டார். என்னால் அது முடியவில்லை. எட்டாம் வகுப்போடு வீட்டை விட்டு வந்தவன் நான். என்னுடையது எதையாவது அங்கே யாராவது எடுத்து வைத்திருப்பார்களா என்று அதுவரை யோசித்ததே இல்லை. அன்று யோசித்தேன். அதற்குப் பிறகு அந்த அக்காவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"டீ குடிச்சுட்டு வரேன் பாய்" என்று பையை எடுத்தேன். டீ குடிக்கப் போகிறவன் பையை எடுப்பதில்லை. பாய் பார்த்தார். டப்பாவை மூடினார். பூத்தின் கண்ணாடிக்குப் பின்னால் அக்கா யாருக்கோ நம்பர் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் பார்க்காமல் கடந்தேன்.

பல வருடம் கழித்து ஒருமுறை அந்தத் தெருவுக்குப் போனேன். பாய் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை இருந்தது. பூத் இல்லை. தம்பி வந்தானா என்று கேட்க ஆளில்லை.

அன்று பொம்மனஹள்ளிக்கு அப்பால் ஒரு செங்கல் லாரி ஏற்றிக்கொண்டது. சந்தாபுராவில் இறக்கிவிட்டார்கள். பஸ் ஸ்டாப் பெஞ்சில் படுத்தேன். காலையில் முகம் கழுவத் தண்ணீர் தேடியபோது எதிரே ஒரு குஜிரிக் கடை திறந்தது. பழைய இரும்பும் பிளாஸ்டிக்கும் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. வேலை கேட்டேன்.

"என்ன கொத்து உனக்கு?" என்றார் கடைக்காரர், பாதி கன்னடத்தில். என்ன வேலை தெரியும் என்று கேட்கிறார்.

"ஸ்க்ரூ கழட்டத் தெரியும்."

ஒரு சுத்தியலையும் ஒரு மூட்டையையும் என் பக்கம் தள்ளினார். உடைந்த ரேடியோ, சுவர்க் கடிகாரம், பொம்மை கார். பிளாஸ்டிக் தனியாக, செம்பு தனியாகப் பிரிக்க வேண்டும்.

"மொதல்ல செல்லெல்லாம் எடுத்துடு, அப்புறம் ஒடை. பேக பேக, சீக்கிரமா ஆகணும்."

உட்கார்ந்தேன். மூட்டையின் அடியில் ஒரு பிரிக் கேம் இருந்தது. மூடி இல்லை, செல் இரண்டும் உள்ளேயே இருந்தன. சுவிட்சைத் தொடாமல் இரண்டையும் கழற்றி வாளியில் போட்டேன்.