மாப்பிள்ளைக் குதிரையின் வயிற்றுப்புண்

என் கணவருக்குக் குதிரையைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். எங்களுடையது குதிரை வியாபாரப் பரம்பரையாம். எனக்குத் தெரிந்து என் மாமனார் விருதுநகர் பஜாரில் குடை விற்றார். அவரைப் பெற்ற அத்தா பருத்தி விதை விற்றார். அதற்கு முன்னால் யார் எதை விற்றார்கள் என்று கேட்டால், "அதெல்லாம் ரத்தத்துலயே இருக்கும்" என்று பேச்சை முடித்துவிடுவார்.

அந்த ரத்தத்தை நம்பி அவர் வாங்கிய வெள்ளைப் பெண்குதிரை எங்கள் கொட்டகைக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. பந்தல், நாற்காலி, பாத்திரம் வாடகைக்கு விடும் கடை எங்களுடையது. பந்தல் கேட்டு வருகிறவர்களிடம், மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரையும் இருக்கிறது என்று சொல்ல வேண்டும் என்பது அவர் ஆசை. ஆர்டரும் வந்தது. சிவகாசி, சாத்தூர், காரியாபட்டி என்று முகூர்த்த நாள் தவறாமல் அவள் மினிலாரியில் ஏறிப் போனாள். சொந்தக்காரர்களின் பட்டாசுக் கம்பெனியிலிருந்து பெட்டி பெட்டியாகச் சரவெடி வந்திறங்குகிற கல்யாணங்கள் இவை. பக்கத்துத் தெருவே அதிர்ந்தாலும் அவள் கண்ணைக்கூடச் சிமிட்ட மாட்டாள்.

ஒரே ஒரு குறை. சிவகாசியில் ஒரு மண்டப வாசலில், ஆரத்தித் தட்டோடு பெண்கள் வரிசையாக நின்ற நேரம் பார்த்து லத்தி போட்டுவிட்டாள். தலைக்கு மேலே டிரோன் கேமரா வேறு. கல்யாண வீடியோவில் மாப்பிள்ளையைவிட அதுதான் தெளிவாக விழுந்திருந்தது. மானம் போய்விட்டது என்று நான் வீட்டில் ஒரு சட்டம் கொண்டுவந்தேன். ஊர்வலத்துக்கு முதல்நாள் மத்தியானத்தோடு தீனி கிடையாது, மறுநாள் சாயங்காலம் மாப்பிள்ளையை இறக்கிவிட்ட பிறகுதான் அடுத்த வாய். ஆமாம், சட்டம் போட்டது நான்தான். அவர் கொஞ்சம் முனகினார். நான் கேட்கவில்லை. வாசல்கள் சுத்தமாக இருந்தன, எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஆவணி சீசனில் வாரத்துக்கு மூன்று ஊர்வலம். மாதக் கடைசியில் அவள் கொள்ளுத் தீனியைப் பாதியில் விட ஆரம்பித்தாள். கடலைக்கொடி போட்டால் மெல்லுவாள். கொள்ளும் தவிடும் வைத்தால் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்வாள். சும்மா நிற்கும்போது பல்லை நறநறவென்று கடிப்பாள், அடிக்கடி கொட்டாவி விடுவாள். பளபளப்பெல்லாம் போய், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டாள். சேணத்தின் வயிற்றுவாரை இறுக்கப் போனால் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு கடிக்க வந்தாள்.

அவளைப் பார்த்துக்கொள்பவர் அச்சங்குளத்துக்காரர். பட்டாசுக் கம்பெனியில் இருபது வருஷம் வெடிமருந்து செலுத்தும் வேலை பார்த்தவர். இன்றைக்கும் தண்ணீர் வாளியைத் தரையில் சத்தமில்லாமல்தான் இறக்கி வைப்பார். அவர்தான் முதலில் சொன்னார்.

"பாய், இவளுக்கு வகுத்துக்குள்ள என்னமோ செய்யுது. வார இறுக்கும்போதுதான் இம்புட்டுக் கோவம் வருது."

என் கணவரின் ரத்தம் வேறு சொன்னது. "அதெல்லாம் இல்ல, திமிரு. நாலு மாப்பிள்ளையச் சொமந்ததும் தன்னையே பொண்ணு வீட்டுக்காரினு நெனச்சுக்கிட்டா."

அடுத்த வாரம் அது பல்வலியாயிற்று. அதற்கடுத்த வாரம் கண்ணூறு. பிறகு கால்வலி என்று முடிவுகட்டி, எப்போதோ சுளுக்குக்கு வாங்கி மிச்சமிருந்த வலி மருந்தைத் தினமும் தவிட்டில் கலக்கி வைத்தார். அவள் இன்னும் இளைத்தாள்.

கடைசியில் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கல்யாணத்தில், வாரை இறுக்கும்போது பக்கத்தில் நின்ற மாப்பிள்ளைத் தோழனைப் பட்டுச் சட்டையோடு சேர்த்துத் தோளில் கடித்துவிட்டாள். என் கணவர் வீட்டுக்கு வந்ததும் குதிரைத் தரகருக்குப் போன் போட்டு, வெள்ளிக்கிழமை வந்து பிடித்துக்கொண்டு போகச் சொன்னார். கடிக்கிற குதிரையை ஊர்வலத்துக்கு யாரும் வாங்க மாட்டார்கள். தரகர் கைக்குப் போனால் பாரவண்டிதான், விழும்வரை அடிதான். சொன்னவருக்கே அன்று சோறு இறங்கவில்லை. எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

வியாழக்கிழமை கால்நடை டாக்டரம்மாவை நானே கூட்டிவந்தேன். இவர் அவரிடம் பரம்பரையைப் பற்றிப் பத்து நிமிஷம் விளக்கினார். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டே ஈறைப் பார்த்தார், வயிற்றில் காது வைத்துக் கேட்டார், வார் இறுக்கும் இடத்தை லேசாக அமுக்கினார். அவள் பல்லைக் கடித்தாள்.

"ஊர்வலத்தன்னைக்கு எத்தன மணி நேரம் வகுறு காலியா இருக்கும்?"

அச்சங்குளத்துக்காரர் உள்ளதைச் சொன்னார்.

"நமக்குச் சாப்பிடுறப்பத்தான் அமிலம் கூடுதலாச் சொரக்கும். குதிரைக்கு இரைப்பையில எந்நேரமும் அமிலம் சொரந்துக்கிட்டே இருக்கும். நாள் பூரா மேயப் பொறந்த சீவன் அது. மென்னுக்கிட்டே இருந்தா எச்சி எறங்கி அமிலத்த அமத்தும். காலி வகுத்தோட குலுங்கி நடக்கவிட்டா, அமிலம் மேல தெறிச்சு இரைப்பையப் புண்ணாக்கிரும். அதுக்கு மேல வலி மருந்து வேற. அந்த வகுத்துல வார இறுக்குனா கடிக்காம என்ன செய்யும்? இந்தப் பட்டினி யாரு சொல்லிப் போட்டீக?"

நான் தரையைப் பார்த்தேன்.

"நாந்தான் டாக்டர்" என்றார் இவர். "எனக்குத்தான் இந்த யோசன வந்துச்சு."

"குதிரைக்காரப் பரம்பரைனு இப்பத்தான சொன்னீக?" என்று ஆரம்பித்த டாக்டரம்மா லேசில் விடவில்லை. இவர் தலையைக் குனிந்துகொண்டு அத்தனையையும் வாங்கிக்கொண்டார். அச்சங்குளத்துக்காரர் கொட்டகைக் கூரையில் எதையோ தேடினார். அன்றைக்கு நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை, வெட்கக்கேடு.

புண்தான் என்று உறுதியாகச் சொல்ல மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்க்க வேண்டுமாம், அது பெரிய ஆஸ்பத்திரியில்தான் முடியுமாம். அறிகுறியெல்லாம் அதையே சொல்வதால் மருந்தை ஆரம்பிப்போம், கேட்காவிட்டால் அங்கே கொண்டுபோங்கள் என்றார். வெள்ளிக்கிழமை வந்த தரகர் டீ குடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிப் போனார்.

நாலு வாரம் ஊர்வலம் கிடையாது. காலையில் தீனிக்கு முன்னால் பசை மருந்து, அது முடிந்து ஒரு மணி நேரம் கழித்துத் தீனி. குணமானது மாதிரித் தெரிந்தாலும் நடுவில் நிறுத்தக் கூடாது. வலி மருந்து குப்பைக்குப் போனது. கொள்ளைக் குறைத்துக் குதிரைமசால் தழையும் கடலைக்கொடியும் மற்ற நேரமெல்லாம் எட்டும்படி வலையில் தொங்கவிட்டோம். இனிமேல் சேணம் ஏற்றுமுன் ஒரு கட்டு காய்ந்த தீனி தின்றே ஆக வேண்டும். வாசலில் லத்தி விழுந்தால் அள்ளுவதற்குக் கூடையோடு நான் போகிறேன் என்றேன்.

இவர் செல்போனில் அலாரம் வைத்துக்கொண்டு மருந்தை அவள் கடைவாயில் பிதுக்குவார். பாதி அவர் சட்டைக்குப் போகும். பத்தே நாளில் குதிரையின் இரைப்பையைப் பற்றி பஜாரில் நின்று வகுப்பு எடுக்க ஆரம்பித்துவிட்டார். போகிற வருகிறவர்களை நிறுத்தி வைத்துக் கேட்கவைப்பார்.

நாலாவது வாரம் டாக்டரம்மா சொன்னபடி சேணத்தை ஏற்றிப் பார்த்தோம். இவர் வாரை ஒவ்வொரு துளையாக இறுக்கினார். அவள் ஒரு காதை மட்டும் அசைத்தாள், பிறகு கொடியை மென்றுகொண்டே நின்றாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கேட்கும் தைரியமும் வந்தது.

"அன்னைக்கு ஏன் மச்சான் பழிய நீங்க ஏத்துக்கிட்டீக?"

அவர் வாரின் கொக்கியைச் சரிபார்த்தபடியே சொன்னார்.

"ஒன்னைய வெளி ஆளு ஒரு வார்த்த ஏசிட்டா நீ ரெண்டு நாளைக்குப் பச்சத்தண்ணி குடிக்க மாட்ட. வீட்டுல ஒரு வகுத்துப்புண்ணு போதாதா?"

அன்று மத்தியானம் அவர் பார்க்கப் பார்க்க ரெண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.