டார்வினுக்குள் ஒரு வின்

ஷாமினியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு வாய் ஓயாது. ஈப்போவில் கிளினிக்குகளுக்கு நிரல் எழுதிக் கொடுக்கும் சின்ன அலுவலகத்தில் எட்டு வருடமாக எனக்குப் பக்கத்து மேசை. சுங்கை சிப்புட்டிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருவாள். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் முந்தைய நாள் விட்ட சண்டையைத் தொடங்கிவிடுவாள். அவள் எழுதிய நிரல்கள் எத்தனையோ இடத்தில் ஓடுகின்றன. ஒன்றிலாவது அவள் பெயர் உண்டா? எல்லாம் அலுவலகத்தின் பெயரில்தான்.

"எங்கயாச்சும் ஒரு எடத்துல எம் பேரு இருக்கணும் துளசி, அது போதும் லா," என்பாள்.

போன வருடம் ஒரு டாக்டர் புதிதாக மேக் கணினி வாங்கினார். எங்கள் நிரலைப் போட்டதும் நோயாளிகளின் பட்டியல் காலி! ஷாமினி உட்கார்ந்து நோண்டினாள். நாங்கள் எழுதுவது மெரந்தி என்ற நிரல்மொழியில். அதற்கு யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். ஒரு குழு பார்த்துச் சேர்த்துக்கொள்ளும். 'இது எந்த இயங்குதளம்?' என்று கேட்டால், அந்த மொழியோடு வரும் நிரல் நூலகம் ஓரிடத்தில் 'மேக்' என்கிறது, இன்னோரிடத்தில் மேக்கின் உள்பெயரான 'டார்வின்' என்கிறது. விண்டோஸா என்று அறிய, பெயரில் 'வின்' என்ற மூன்று ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது.

"டார்வின்லயே வின் இருக்குடி! மேக்கைப் போயி விண்டோஸ்னு நெனச்சிக்கிட்டு, இல்லாத ஃபோல்டர்ல தேடுது!" என்று அலுவலகமே அதிரக் கத்தினாள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

எங்கள் நிரலை மட்டும் ஒட்டுப்போட்டுவிட்டுப் போயிருக்கலாம். இவளா போவாள்? நூலகத்தையே திருத்தக் கிளம்பிவிட்டாள். எங்கே கேட்டாலும் ஒரே பதில் வரவேண்டும், எழுத்தைத் துழாவும் வேலையே கூடாது. பழைய நிரல்கள் உடையும் என்று குழு இரண்டு முறை திருப்பி அனுப்பியது. எனக்கு வந்த கோபத்துக்கு நானாக இருந்தால் அந்த மொழியையே தலைமுழுகியிருப்பேன். அவள் பழைய நிரல்களும் ஓடும்படி வழி செய்து மூன்றாம் முறை அனுப்பினாள். சேர்த்துக்கொண்டால் பங்களித்தவர் பட்டியலில் பெயர் வரும் அல்லவா!

ஒரு புதன்கிழமை மத்தியானம், சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்த கையோடு துள்ளிக் குதித்தாள். "ஏத்துக்கிட்டாங்க!" கறிக்குழம்பு முழுக்க என் சட்டையில். யாருக்குக் கவலை! புதிய பதிப்பின் பட்டியலை இருவரும் மேலிருந்து கீழே விரல் வைத்துத் தேடினோம். ஷாமினி இல்லை. மறுபடி தேடினோம். இல்லை.

'நன்றி: திரு. ஏ. பி. இராமசாமி' என்று ஒன்று இருந்தது.

நடந்தது இதுதான். திருத்தம் அனுப்பும் படிவம், குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் விடவில்லை. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அடையாள அட்டையில் உள்ளபடி 'ஏ/பி இராமசாமி' என்று போட்டிருக்கிறாள். ஏ/பி என்றால் மலாயில் அனாக் பெரம்புவான், அதாவது மகள், என்று நம் மலேசியாவில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்தப் பாவிகள் அதை முதலெழுத்தாக்கிவிட்டார்கள்! குடும்பப் பெயரை மட்டும் அச்சிடுவது அவர்கள் வழக்கமாம். இராமசாமி அவளுடைய அப்பா. லோரி ஓட்டுகிறவர், கணினியைத் தொட்டதுகூட இல்லை.

கோபத்தில் அவருக்கே போன் போட்டாள்.

"அலாமாக்! எம் பேரா? ஒலகம் பூரா தெரியுமா?" ஒட்டுக்கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார் போல. "டேய், நான் கம்ப்யூட்டர்ல வந்துட்டேன் லா!" என்று பக்கத்தில் யாரிடமோ கூவியது எனக்கே கேட்டது.

"அப்பா, அது என் வேலைப்பா!" ஷாமினிக்குக் குரல் உடைந்துவிட்டது.

பக்கத்து ஆளை "இருடா" என்று அடக்கினார். "அப்ப ஒம் பேரத்தான் போடணும். ஒடனே எழுது," என்றார்.

எழுதினாள். 'என் பெயர் ஷாமினி. இராமசாமி என் அப்பா.' இருபது நிமிடத்தில் மன்னிப்போடு மாற்றிவிட்டார்கள். ஷாமினி! அவள் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன், குழம்புச் சட்டையோடு.

படம் பிடித்து அப்பாவுக்கு அனுப்பினாள். குரல் செய்தியாகப் பதில் வந்தது. "ரொம்ப சந்தோசம்மா. எம் பேர அழிக்கிறதுக்கு முன்னாடி அதையும் ஒரு படம் புடிச்சியா?"