இறாலாகிப்போன சங்கு

எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு கத்தி. அதன் அலகில் ஊர்ப் பண்ணை வீட்டின் அடையாளமான சங்கும், பக்கத்தில் அவர்கள் பெயரின் இரண்டு எழுத்தும் பொறித்திருக்கும். பண்ணையில் நடந்த ஒரு கல்யாணத்துக்குக் காய் நறுக்கப் போன அம்மாவிடம், நீயே வைத்துக்கொள் என்று பண்ணையார் வீட்டம்மா கொடுத்தது. எட்டு வருஷமாக அந்தச் சங்கை யாரும் பொருட்படுத்தவில்லை. மீன் செதிலுக்கு அடியில் அது பாட்டுக்குக் கிடந்தது.

குத்தகைக்காரர்களின் பெயரைச் சர்க்கார் பதிவு செய்யப்போகிறது என்று செய்தி வந்த வருஷம்தான் வினை பிடித்தது. பதிவில் பெயர் ஏறிவிட்டால் பண்ணையிடம் குத்தகைக்கு எடுத்து உழுத ஐந்து மா நிலத்திலிருந்து அப்பாவை யாரும் கிளப்ப முடியாது. பண்ணை சும்மா இருக்குமா? அவன் குத்தகைக்காரனே இல்லை, சம்பளத்துக்கு இருக்கும் ஆள், அவன் வீட்டுக் கத்தி கபடா வரைக்கும் பண்ணைச் சாமான் என்று மனு எழுதிப் போட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ஆபீசர் வீட்டுக்கே வந்து பார்ப்பார் என்று தகவல் வந்தது.

கத்தியை வாய்க்காலில் எறி என்றார் அப்பா. அம்மா கேட்கவில்லை. எறிவதை யாராவது பார்த்தால் திருட்டுச் சாமான் என்று ஆகிவிடும் என்றாள். தவிர, இவ்வளவு நல்ல இரும்பு மறுபடி கிடைக்காது என்றாள். இரண்டாவது சொன்னதுதான் நிஜமான காரணம்.

புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்தோம். தேய்க்கிற வேலை எனக்கு. அலகு பளபளவென்று ஆக ஆகச் சங்கும் எழுத்தும் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தன. அதுவரை கவனிக்காத அடுத்த வீட்டுக்காரிகூட வந்து, அட, சங்கு என்றாள்.

மூன்றாம் நாள் என் தாய்மாமா வந்து சேர்ந்தார். கட்சிக்காரர். மேடை ஏறினால் இறங்கமாட்டார். வீட்டில் ஒரு வேலையையும் உருப்படியாகச் செய்ததில்லை. கத்தியைப் பிடுங்கி ஒரு பொழுது முழுக்க அரத்தால் ராவினார். எழுத்து இரண்டும் போயின. கத்தியும் பாதி போயிற்று. சங்கு மட்டும் ஆழமான வெட்டு, அசையவில்லை.

மாமா யோசித்தார். அவர் யோசித்தாலே ஏதாவது ஒன்று பாழாகும். சங்குக்கு மேல் நாலைந்து கோடு இழுத்தால் உதிக்கிற சூரியனாகிவிடும், நம் ஆட்சியில் எவன் கேட்பான் என்று உளியை எடுத்தார். இழுத்து முடித்ததும் தள்ளி வைத்துப் பார்த்தோம். சூரியனும் இல்லை, சங்கும் இல்லை. வளைந்த உடம்பு, முன்னால் மீசை. சாட்சாத் இறால். அம்மா அழுதேவிட்டாள். சிரித்ததற்கு நான் முதுகில் ஒன்று வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை ஆபீசர் வந்தார். சாமான்களை அடையாளம் காட்டப் பண்ணையின் காரியஸ்தரும் கூட வந்தார். பண்ணைச் சாமான் அத்தனைக்கும் தன் கையாலேயே சங்கு வெட்டியவர் அவர், ஊருக்கே தெரியும். அப்பாதான் குத்தகைக்காரர் என்று அக்கம்பக்கத்தார் சொன்ன சாட்சியை ஆபீசர் ஏற்கெனவே எழுதியிருந்தார். மண்வெட்டி, அரிவாள் எல்லாம் பார்த்துவிட்டுக் கத்திக்கு வந்தார். இது என்ன அடையாளம் என்று கேட்டார் ஆபீசர். அம்மா வாயைத் திறப்பதற்குள் நான்தான் முந்திக்கொண்டேன்.

"இறாலுங்க."

ஆபீசர் கத்தியைக் காரியஸ்தரிடம் நீட்டினார். அவர் அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவினார். அப்பாவை ஒருமுறை பார்த்தார்.

"பண்ணையில சுத்த சைவங்க. இறாலெல்லாம் போடமாட்டோம்."

ஆபீசர் சிரித்துவிட்டார். பேனாவைத் திறந்து அப்பா பெயரை எழுதிக்கொண்டார்.

மாமா தன் கைவண்ணத்தை ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்கும் தலைகால் புரியவில்லை. ஒரு பெரிய மனிதரை ஏமாற்றிவிட்டோமே!

அடுத்த மாதமே காரியஸ்தருக்கு வேலை போய்விட்டது. திருத்துறைப்பூண்டி பஸ்ஸுக்கு டிரங்குப் பெட்டியோடு நின்றவரை அப்பாவும் நானும் பார்த்தோம். அப்பா ஓடிப்போய்ப் பெட்டியைத் தூக்கி ஏற்றினார். பண்ணையார் எதிரே வந்தாலும் எடுக்கக்கூடாது என்று மாமா சத்தியம் வாங்கியிருந்த தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, பஸ் மறைகிற வரைக்கும் நின்றார்.

"ஏம்ப்பா, தான் வெட்டுன சங்கையே தெரியாத ஆளுக்குப் போயி துண்ட எடுக்குறீங்க?"

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன்: காரியஸ்தருக்குக் கண் சரியாகத் தெரியவில்லையாம், அதனால்தான் வேலையை விட்டு எடுத்துவிட்டார்களாம்.