நான் மாற்றிய கடவுச்சொல்

சாமித்தம்பி மாமாவின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க அவருடைய மகனுக்குக் கிடைக்காமற் போனதற்குக் காரணம் நான்தான். விதியுமல்ல, இணைய நிறுவனமுமல்ல. நான்!

இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என் அயலவர் இல்லை என்ற துணிவுதான்.

பனிச்சங்கேணியில் வாவிக்கரையோரம் எங்கள் வீடு. வேலிக்கு அந்தப் பக்கம் மாமாவின் வீடு. அவர் தோணியில் போய் மீன் பிடிப்பவர். மனைவி பூமணி மாமி, மகள் சுகி. மகன் ரவிக்குக் கட்டாரில் வேலை. நான் கொழும்பு நிறுவனமொன்றின் கணக்குகளை வீட்டிலிருந்தே பார்ப்பவள். அதற்காகக் கூரையில் அன்டெனா பூட்டி இணைய இணைப்பு எடுத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் கைப்பேசியில் குரல் கேட்கும், முகம் தெரியாது. அதனால் ரவி போன புதிதில், "மகன்ட முகத்தப் பாத்துக் கதைங்க மாமி" என்று வைஃபை கடவுச்சொல்லை நானேதான் கொடுத்தேன்.

பிறகு என் இணைப்பு நொண்டத் தொடங்கியது. கூட்டத்தின் நடுவில் என் குரல் அறுந்துபோகும். "திரும்பவுமா, வதனி?" என்று மேலாளர் சலித்துக்கொள்வார். வேலை போய்விடுமோ என்று பயந்தேன். ரவுட்டரை நிறுத்தி மீண்டும் போட்டேன், ஜன்னலோரம் வைத்தேன், ஏணி வைத்து ஏறி அன்டெனாவைத் திருப்பினேன். எதுவும் சரிவரவில்லை.

வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தேன். அங்கிருந்த பெண் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"வேற யாரும் உங்கட லைனைப் பாவிக்கிறாங்களா, மிஸ்?"

அவ்வளவுதான்... அதன்பின் என் காது முழுவதும் வேலிப்பக்கம்! அங்கே சினிமாப் பாட்டுக் கேட்டால், என் இணையத்தில் படம் ஓடுகிறது என்று நினைத்தேன். யாராவது சிரித்தால், என்னை நினைத்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். சுகி வேலியோரம் கைப்பேசியுடன் இருப்பாள். என்னைக் கண்டதும் அதைத் தாழ்த்திக்கொண்டு எழுந்து நிற்பாள். அது மரியாதையாக இருந்திருக்கலாம். எனக்கோ களவாகத் தெரிந்தது.

ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். என் கருவிகளுக்கு நடுவே எழுத்தும் இலக்கமுமாய் ஒரு புரியாத பெயர். இரவு பகலாக இணைப்பிலேயே இருந்தது. பிடித்துவிட்டேன்! அந்தக் கணத்தில் என்ன மகிழ்ச்சி எனக்கு!

அன்றே கடவுச்சொல்லை மாற்றினேன். சொல்லாமல் மாற்றினேன். வேகம் பிய்த்துக்கொண்டு வந்தது. வேறென்ன சாட்சி வேண்டும்? மாமி வீட்டிலிருந்து யாரும் வந்து கேட்கவுமில்லை. குற்றமுள்ளவர்கள் எப்படிக் கேட்பார்கள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

மாமாவுக்கு உடல்நிலை சரியில்லை, அதனால் வைஃபை பற்றிய நினைவே அவர்களுக்கு இல்லை என்பது எனக்குத் தோன்றவேயில்லை... ஓரிரு நாளில் நெஞ்சுவலி என்று மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உடலாகத்தான் திரும்பி வந்தார்.

ரவிக்கு லீவு கிடைக்கவில்லை. செத்தவீட்டுப் பந்தலில் நான் பெண்களுக்குப் பின்னால் நின்றேன். சுகி அழுத முகத்தோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"வதனியக்கா, அண்ணன் லைன்ல நிக்கார். அப்பாவக் காட்டச் சொல்லிக் குழறுறார். வைஃபை புடிக்குதில்லக்கா... பாஸ்வேட் மாத்தினீங்களா?"

சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"இல்ல புள்ள," என்றேன். "லைன் பிழை. காலையில இருந்து எனக்கும் இல்ல."

வீட்டுக்கு ஓடிப்போய்ப் பழைய சொல்லையே திரும்பப் போட்டிருக்கலாம். ஏன் போடவில்லை? வெட்கமா? வெட்கம் மட்டுமென்றால் என்னை மன்னித்துக்கொள்வேன். அந்த நேரத்திலும் என் மனம் சொன்னது, இன்று கொடுத்தால் இனிப் பறிக்க முடியாதென்று! ஒரு பிணத்தின் முன்னால் நின்று அப்படி நினைத்தவள் நான்.

சுகி கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி தெருவுக்கு ஓடினாள், திரும்பி வந்தாள், மறுபடி ஓடினாள். "தெரியுதாண்ணா? தெரியுதா?" என்ற அவள் குரல் பறைச் சத்தத்தில் அமுங்கிப் போனது. பெட்டியை மூடிவிட்டார்கள்.

அதோடு முடியவில்லை. காடாற்றுச் சடங்கு முடிந்து சில நாள் கழித்து, என் வாசல் கமரா வேலை செய்யாததைக் கவனித்தேன். முன்பொருமுறை நீர் மோட்டார் களவு போனபின் நானே வாங்கிப் பூட்டியது. புதிய கடவுச்சொல்லை அதற்குக் கொடுக்க மறந்திருந்தேன். கொடுத்தேன். உடனே இணைப்பு மறுபடி நொண்டியது! ரவுட்டரின் பக்கத்தில் அதே புரியாத பெயர்... கமராவின் வயரைப் பிடுங்கினேன். பெயர் மறைந்தது.

நாள் முழுக்க என் வாசலைப் படமெடுத்து எங்கோ அனுப்பிக்கொண்டிருந்த அந்தக் கமராதான் என் வேகத்தைத் தின்றிருக்கிறது. அவர்கள் அல்லர்.

பழைய கடவுச்சொல்லை மறுபடி போட்டேன். "லைன் சரியாகிட்டு மாமி" என்றேன். "நீ என்னகா செய்வாய், அது லைன்ட பிழைதானே" என்று மாமி என் கையைத் தடவிவிட்டார். அந்தக் கையை நான் இழுத்துக்கொள்ளவில்லை.

போன மாதம் ரவி லீவில் வந்தான். சவர்க்காரம், சொக்லேட் என்று ஒரு பை கொண்டுவந்து தந்துவிட்டு, போகாமல் வாசலிலேயே நின்றான்.

"அக்கா, அம்மாக்கிட்டக் கேட்டா அழுறா. சுகியும் சொல்லுறாளில்ல. நீங்க அண்டைக்கு நிண்டதுதானே... அப்பாட முகம் எப்படி இரிந்த?"

சொல்லியிருக்க வேண்டியது அப்போதுதான். வாய் திறந்தேன்...

"நித்திரை கொள்ளுற மாதிரி இரிந்த ரவி. ஒரு நோவும் தெரியல்ல. சிரிச்ச முகம்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அது போதும்கா" என்றான். தாயிடம் போய் அவன் அதையே சொன்னது வேலிக்கு இப்பாலும் கேட்டது.

பந்தலில் நான் பெண்களுக்குப் பின்னால் நின்றேன் என்று சொன்னேன் அல்லவா? சுகியிடம் பொய் சொன்னபின் முன்னால் போக எனக்குக் கால் எழவில்லை. மாமாவின் முகத்தை நான் பார்க்கவேயில்லை.