வாசலில் நாலு ஜோடிச் செருப்பு

2003 இல்லையென்றால் 2004 இருக்கும். சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீசில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். காலையில் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ‘சி’ என்ற புரோகிராம் மொழிப் படிப்பு, அது முடிந்ததும் ஆபீஸ். இரண்டு மாதப் படிப்புக்கே எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

வெடிமருந்து செலுத்தும் ரூம் ஒவ்வொன்றிலும் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. ஒன்று கிடக்க ஒன்று ஆனால் வெளியே ஓடி வர வழி வேண்டுமே. எந்த ரூமில் யார் யார் என்று போர்மேன் கையால் எழுதிக் கதவில் ஒட்டுவார். “இத நான் கம்ப்யூட்டர்ல போட்டுத் தாரேன், அண்ணாச்சி” என்று நானாகப் போய்த் தலையைக் கொடுத்தேன்.

எல்லாப் பெயர்களையும் அரே என்கிற கட்டங்களில் வரிசையாக ஏற்றி, லூப்பு என்கிற சுற்றை ஓடவிட்டு நாலு நாலாகப் பிரித்து, ரூமுக்கு ஒரு தாள் அடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் ஒரு பிழையைச் சரிசெய்தால் இரண்டு முளைத்தது. செமிகோலனை விட்டிருந்தேன். சதுர அடைப்புக்குறி வர வேண்டிய இடத்தில் வளைவு அடைப்புக்குறி போட்டிருந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம்தான் திரையில் ‘பிழை பூஜ்ஜியம்’ என்று வந்தது. பிரிண்டரிலிருந்து பெயர்கள் இறங்கிய அழகைப் பார்த்தேனே தவிர, எண்ணிப் பார்க்கவில்லை. தாள்களைப் போர்மேனிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் வகுப்பில் சார் போர்டில் நாலு கட்டம் வரைந்தார். “எண்ணிக்கை பூஜ்ஜியத்துல ஆரம்பிக்குது. லூப்பு மூணோட நிக்கணும். நாலு வரைக்கும் ஓடவிட்டா அஞ்சாவது கட்டத்துக்குப் போயிரும். கம்ப்யூட்டர் அதத் தப்புன்னே சொல்லாது.”

நான் நாலு வரைக்கும்தான் ஓடவிட்டிருந்தேன். அப்படியானால் ஒவ்வொரு தாளிலும் ஐந்து பெயர். அடுத்த ரூமின் முதல் ஆள், முந்தின ரூமிலும் ஐந்தாவதாக இருப்பார். பழைய ஆட்கள் வழக்கமான ரூமுக்குப் போய்விடுவார்கள். ஆனால் அன்றைக்குப் புதிதாக ஒரு அக்கா வேலைக்கு வருகிறார். நாலாம் ரூமில் முதல் பெயர் அவருடையது. என் தாளை நம்பினால் மூன்றாம் ரூமில் ஐந்தாவது ஆளாகப் போய் உட்காருவார்.

ஒரு ரூபாய் போனில் ஆபீசை மூன்று முறை கூப்பிட்டேன். யாரும் எடுக்கவில்லை. கிடைத்த மினி பஸ்ஸில் ஏறினேன். பாதி வழியில் எங்கோ ‘டம்’ என்று ஒரு சத்தம். பஸ்ஸில் பேச்சு அப்படியே நின்றுபோனது. எல்லாக் கண்களும் ஜன்னலுக்கு வெளியே புகையைத் தேடின. எனக்கு எட்டிப் பார்க்கவும் பயம், கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். “சேம்பிள் வெடி போட்டுப் பாக்காங்கப்பா” என்று யாரோ சொன்னார்கள். அதற்குப் பிறகும் நான் கண்ணைத் திறக்கவில்லை.

கம்பெனிக்குள் ஓடினேன். மூன்றாம் ரூமுக்குக் கொஞ்சம் தள்ளி, வேப்பமரத்தடியில் அந்த அக்கா தனியாக உட்கார்ந்திருந்தார்.

“உள்ள போகலையாக்கா?”

“எங்கன போக? இந்த ரூமுன்னு போர்மேன் பேப்பரப் பாத்துச் சொல்லிட்டு லோடு ஏத்தப் போயிட்டாக. வந்து பாத்தா வாசல்ல நாலு சோடிச் செருப்பு கெடக்கு. அஞ்சாவதா எஞ்செருப்ப விடவா? வேல போனாலும் போகட்டும்னு இங்கனயே ஒக்காந்துட்டேன்.” பிறகு என்னை ஏறிட்டுப் பார்த்து, “நீ ஏன் தாயி அழுகுத?” என்றார்.

வெடிமருந்து ரூமுக்குள் வெறுங்காலோடுதான் போக வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அக்கா, வாசலில் கிடந்த செருப்பை எண்ணியிருக்கிறார். நான் அன்றே எல்லாத் தாளையும் கிழித்துப் போட்டுவிட்டு, போர்மேனிடம் நடந்ததைச் சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டேன். வாங்க வேண்டிய திட்டுதான்.

இப்போது பெரிய ஊரில், பெரிய கம்பெனியில் புரோகிராம் எழுதும் வேலைதான் பார்க்கிறேன். திரையில் ‘பிழை இல்லை’ என்று வந்த பிறகும், அந்த வாசலில் கிடந்த செருப்புகளை மனசுக்குள் ஒருமுறை எண்ணிப் பார்க்காமல் எந்த லூப்பையும் நான் ஓடவிடுவதில்லை.